நல்ல அடுப்பும் பழைய புகைபோக்கியும்

செப்ரெம்பர் 8

பரிசோதிக்க வந்தவர் அடுப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு நேரே கூரைக்குப் போய்விட்டார். ஒன்ராறியோவில் விறகடுப்புள்ள வீடென்றால் காப்புறுதிக்காரர் பெரும்பாலும் இப்படிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் அறிக்கையைக் கேட்பார்கள்.

புகைபோக்கிக்குள் கமராவை இறக்கித் திரையைக் காட்டினார். 1920களில் கட்டிய செங்கல் வீடு. உள்ளே சுடுமண் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மேலிருந்து மூன்றாவது மூட்டில் சாந்து முழுக்க உதிர்ந்துவிட்டது. அதற்குக் கீழ் ஓட்டில் நெடுக ஒரு வெடிப்பு. எங்கு பார்த்தாலும் கண்ணாடிப் பூச்சாக மினுங்கும் கறுப்புக் கிரியோசோட். முன்பு இருந்தவர்கள் கணப்புக்குள் இன்சேர்ட் அடுப்பைத் தள்ளி வைத்ததோடு வேலை முடிந்தது என்று விட்டிருக்கிறார்கள். அதன் புகைவாய் எந்தக் குழாயிலும் சேரவில்லை. பழைய பொந்துக்குள் சும்மா திறந்து கிடக்கிறது.

"உள்ளே புதுக்குழாய் இறக்காமல் இதை மூட்டாதீர்கள்" என்றார். அறிக்கையிலும் அதே வரிதான்.

செப்ரெம்பர் 11

இரவு முழுக்க இதைப் பற்றித்தான் வாசிப்பு. நூறு வருடம் தாங்கிய புகைபோக்கிக்கு இப்போது ஏன் புதுக்குழாய் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது, நான் நினைத்ததற்கு நேர்மாறாக.

திறந்த கணப்பு ஒரு ஊதாரி. அறைக் காற்றை அள்ளி இழுத்து, சூட்டின் பெரும்பகுதியை வானத்துக்கு அனுப்பிவிடும். ஆனால் அந்த வீண்செலவால்தான் புகைபோக்கி சூடாக இருந்தது, புகையும் விறுவிறுவென்று ஏறியது. இன்சேர்ட் அப்படியல்ல. கதவுண்டு, காற்றை அளந்து விடும், சூட்டை அறைக்குள் பிடித்து வைக்கும். மேலே போவது கொஞ்சப் புகை, அதிலும் சூடு குறைந்த புகை. ஆறங்குல வட்டக் குழாயின் உட்பரப்பு 28 சதுர அங்குலம். எங்கள் பழைய பாதை அதைவிட இரண்டரை மடங்கு அகலம். அந்த அகலத்தில் புகை தயங்கித் தயங்கி ஏறிக் குளிரும். சுமார் 120 பாகைக்குக் கீழே இறங்கினால் நீராவியும் தார் ஆவியும் சுவரில் படியத் தொடங்கும். ஆக, அடுப்பு எவ்வளவுக்கு நல்லதோ, பழைய புகைபோக்கிக்கு அவ்வளவுக்குக் கேடு.

அப்படிப் படிந்த கிரியோசோட் ஒருநாள் பற்றினால் வெப்பம் 1,100 பாகை வரை போகலாம். அலுமினியக் குழாய் மலிவுதான், ஆனால் அது 660 பாகையில் உருகிவிடும். எரிவாயு அடுப்புக்குத்தான் சரி. விறகுக்கு ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல், அதிலும் 316 இனம்.

செப்ரெம்பர் 13

விலைப் பட்டியல் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாக வாசித்தா.

"ஒரு குழாய்க்கோ தம்பி இவ்வளவு காசு? ஊரில எங்கட குசினிப் புகை ஓட்டு நீக்கலுக்குள்ளால தானே போனது."

"இங்க ஓட்டில நீக்கல் விட்டா நாங்கள்தான் அம்மா விறைச்சுப் போவம்."

"அப்ப கரண்ட் அடுப்பு இருக்குத்தானே?"

2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலை ஞாபகப்படுத்தினேன். ரொறன்ரோவில் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டன. நத்தார் கடந்தும் பல வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. அம்மா பட்டியலை மடித்துத் தந்துவிட்டா. மொன்றியல்காரரும் இதை யோசித்திருக்கிறார்கள்: மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் விறகடுப்பை அங்கே 2018 ஒக்ரோபரிலிருந்து மூட்டக்கூடாது, ஆனால் மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் மூட்டலாம். நகரசபைச் சட்டங்களில் இவ்வளவு மனுசத்தனம் காண்பது அரிது.

செப்ரெம்பர் 27

கூரையடித் தட்டுக்கு ஏறினோம். புகைபோக்கிக்கும் மரத்துக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி இருக்கவேண்டும். இங்கே ஒரு உத்தரத்தின் தலை செங்கல்லோடு ஒட்டிக்கிடக்கிறது. தொட்ட இடம் தேயிலைச் சாய நிறம். நகத்தால் கீறினால் தூளாக உதிர்கிறது. வருடக்கணக்கில் சூடுபட்ட மரம், புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளுமாம். குழாயைச் சுற்றிக் காப்புறை வேண்டுமா, அது இல்லாமல் சமாளிக்கலாமா என்ற கணக்கு அந்த இடத்திலேயே முடிந்தது.

ஒக்ரோபர் 4

காப்புறையோடு குழாய் ஏழு அங்குலத்தைத் தாண்டுகிறது. பழைய ஓட்டின் குறுகிய பக்கம் ஏழுகூட இல்லை. எனவே ஓடுகளை உடைத்தே எடுக்கவேண்டும். நீளக் கம்பியின் நுனியில் இரும்புக் குண்டுகள். குழாய் போட வந்தவர்கள் மறுமுனையை ட்ரில்லில் மாட்டிச் சுழற்றினார்கள். வீடே அதிர்ந்தது. கணப்பின் வாயில் சுடுமண் துண்டுகள் கொட்டக் கொட்ட, வாளி வாளியாக அள்ளினோம். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: வெளிப்புறம் அன்று சூளையிலிருந்து வந்த சிவப்பு, உட்புறம் கறுப்பு மெருகு, முறிவில் இரண்டுக்கும் நடுவே மயிரிழைக் கோடு. அந்தக் கோட்டுக்குள்ளும் கரி.

ஒக்ரோபர் 5

முற்றத்தில் குழாயை நீட்டிப் பீங்கான் நார்ப் போர்வையைச் சுற்றி, அதன்மேல் கம்பிவலை உறை மாட்டினார்கள். நுனிக் கூம்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் தள்ள, கீழே ஒருவர் இழுக்க, பாதியில் ஒருமுறை சிக்கி, பிறகு இறங்கியது. டம்பர்ச் சட்டத்தை முன்பே வெட்டி எடுத்திருந்தார்கள். உச்சியில் தகடு, கழுத்துப்பட்டி, மழைத்தொப்பி எல்லாம் வழமைபோல.

கீழே, குழாயைச் சுற்றித் தொண்டையை அடைக்கும் தகட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்களாம். அது இல்லாவிட்டால் அடுப்பின் சூடு பொந்துக்குள் ஏறிச் செங்கல்லைச் சூடாக்கும். அறை குளிர்ந்தே கிடக்கும். நான் நின்று பார்த்துச் செய்வித்தேன்.

ஒக்ரோபர் 19

அறிக்கை தேறியது. பரிசோதகர் காபனோரொக்சைட் எச்சரிக்கைக் கருவியையும் பார்த்தார். 2008 இல் வுட்ஸ்ரொக்கில் அடைபட்ட புகைவழியால் ஒரு குடும்பத்தில் நால்வர் இறந்த பிறகுதான் அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

நவம்பர் 2

சிறு நெருப்பு, மேலிருந்து பற்றவைத்தது. புகை திரும்பி வரவில்லை. ஆனால் கண்ணாடிக் கதவு அரை மணியில் கறுத்தது. விறகு, மரகதத் துளைவண்டு கொன்ற ஆஷ் மரம். இந்தப் பக்கமெல்லாம் அது மலிந்து கிடக்கிறது. விற்றவர் இரண்டு வருடம் காய்ந்தது என்று அடித்துச் சொன்னார். ஒரு கட்டையைப் பிளந்து உட்புறத்தில் ஈரமானியைக் குத்தினேன்: 31 வீதம். 20க்குக் கீழே இருக்கவேண்டியது. முழுவதையும் பின்வளவில் அடுக்கி, மேலே மட்டும் தகரம் மூடிவிட்டு, இந்த மாரிக்கு வேறு விறகு தேடவேண்டும்.