ஒன்றேகால் அங்குல ரிபன்

ஐப்பசி மழை விட்டு ஒரு நல்ல வெயில் தலைகாட்டினால் போதும், அம்மம்மா அலுமாரியைத் திறந்துவிடுவா. பூச்சியுருண்டை மணம் விறாந்தை வரைக்கும் வரும். அதோடு பழைய பட்டுச் சேலையின் மணமும், கஞ்சி போட்ட துணியின் மணமும், எங்கள் ஒழுங்கையின் அடியில் ரயில் பாதைக்கு அப்பால் கிடந்த வெள்ளவத்தைக் கடலின் உப்பு மணமும் ஒன்றாகக் கலந்திருக்கும். சேலைகள் எல்லாம் கொடிக்குப் போன பிறகு, கடைசியாகத்தான் அம்மப்பாவின் வெள்ளைச் சீருடை வெளியே வரும்.

அம்மப்பா இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் இலங்கைக் காவற் பீரங்கிப் படையில் இருந்தவர். நான் அவரைச் சீருடையில் கண்டதேயில்லை. சாரமும் பெனியனுமாய் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசிக்கிறவராகத்தான் எனக்கு அவரைத் தெரியும். அதனாலோ என்னவோ, அந்தச் சட்டைக்குள் இன்னொரு ஆள் இருக்கிறார், வருஷத்துக்கு ஒருக்கால் வெயில் காய மட்டும் வெளியே வருகிறார் என்று உறுதியாக நம்பியிருந்தேன். கொடியைக் கடந்து போகும்போது கொஞ்சம் மரியாதையாகவே நடப்பேன்.

சட்டையின் இடப்பக்க மார்பில், பொக்கற்றுக்கு மேலே, ஒரு தகட்டில் இரண்டு ரிபன்கள் பக்கம் பக்கமாக இருக்கும். மார்பின் நடுப்பக்கமாக இருப்பது டிஃபென்ஸ் மெடலினது: நடுவில் அகலமான செம்மஞ்சள், இரு கரையிலும் பச்சை, அந்தப் பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு ஒவ்வொன்று. அதற்கு அடுத்தது வோர் மெடலினது: கரையில் சிவப்பு, பிறகு நீலம், பிறகு வெள்ளை, நட்டநடுவில் இன்னொரு மெல்லிய சிவப்பு. இரண்டும் ஒன்றேகால் அங்குல அகலம். "செம்மஞ்சள், குண்டு விழுந்து எரிஞ்ச நெருப்பு. பச்சை, இங்கிலாந்தின்ட புல்வெளி. கறுப்பு, விளக்கணைச்ச ராத்திரி" என்று அம்மப்பா விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லுவார். புல்வெளியை இங்கிலாந்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அது எங்கள் ஊர்ப் பச்சைதான் என்று வைத்துக்கொண்டேன்.

கடற்கரை வீட்டில் ரிபன் நெடுநாள் தாங்காது. காற்றில் வரும் உப்பு முதலில் கைவைப்பது தகட்டின் பின்னால் உள்ள ஊக்கில்தான். ஊக்குத் துருப்பிடித்தால் துரு துணிக்குள் ஊறும்; முதலில் பழுப்பாவது வெள்ளைக் கோடு. வெயிலுக்குத் தோற்பது செம்மஞ்சள். மழைக்காலப் புழுக்கத்தில் ஓரங்கள் நூல் நூலாகப் பிரியும். அம்மம்மா இதற்கெல்லாம் முறை வைத்திருந்தா. சட்டையில் நேராக ஊக்குக் குத்தினால் ஓட்டை விழும் என்று, வெள்ளை நூலில் பொத்தான்துளைத் தையல் போட்டு இரண்டு சின்ன வளையங்கள் பின்னியிருந்தா. ஊக்கு அந்த வளையங்களுக்குள்ளால் ஓடிப் பூட்டிக்கொள்ளும். சட்டை டோபிக்குப் போகுமுன் தகடு கழன்று மேசை லாச்சிக்குள் வந்துவிடும், ஏனென்றால் கஞ்சித் தண்ணீர் பட்டால் சிவப்பு இளகி வெள்ளையில் ஏறும். பதக்கங்களைப் பிராசோ போட்டுத் தேய்க்க ஒருவருக்கும் அனுமதியில்லை. "அரசன்ட மூக்குத் தேய்ஞ்சு போகும்" என்பார் அம்மப்பா. இரண்டிலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை இருந்தது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும் என்பது சட்டம்.

ரிபன் மாற்றும் நாளில் விறாந்தை மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரிபடும். அம்மம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, அம்மப்பாவின் சவரப் பிளேட்டின் ஒரு முனையால் பின்பக்கத்துப் பழைய தையலை ஒவ்வொன்றாக அறுப்பா. "பிள்ளை, நூலைக் கோத்துத் தா" என்று என்னிடம் ஊசி வரும். நூல் முறுக்கேறாமல் இருக்க, கோயிலில் மந்திரித்த மெழுகுதிரித் துண்டில் அதை ஒருதரம் இழுத்தெடுப்பா. தகட்டைத் துடைத்து, துருவைச் சுரண்டி, புது ரிபனை அதன்மேல் சுற்றி, வெட்டிய விளிம்பு வெளியே தெரியாதபடி மடித்து, பின்பக்கத்தில் மாறி மாறிக் குறுக்குத் தையல் போடுவா. முன்னால் ஒரு தையலும் தெரியக்கூடாது. கோடுகள் ஒரு நூலளவு சரிந்தாலும் முழுவதையும் அறுத்துவிட்டு மறுபடி தொடங்குவா. அம்மப்பா கதிரையில் இருந்தபடி "காணும், காணும்" என்பார். அவ காதில் போட்டுக்கொள்ள மாட்டா.

முன்பெல்லாம் கொம்பனித்தெருவில் சீருடை தைக்கிற ஒரு கடையில் ரிபன் முழக்கணக்கில் வாங்கலாமாம். நான் விபரம் அறிந்த நாளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கே கியூ நிற்கிற காலம், ரிபனுக்கு எங்கே போவது? அந்த வருஷங்களில் அம்மம்மா ரிபனைப் பிரித்துப் பின்பக்கத்தை முன்னுக்குத் திருப்பித் தைத்தா. உள்ளே வெயில் படாமல் இருந்த செம்மஞ்சள் பளிச்சென்று வெளியே வந்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. தொங்கும் பதக்கங்களில் ரிபன் தேய்வது உலோகக் கம்பியைச் சுற்றி மடியும் இடத்தில். அந்த மடிப்பைக் கொஞ்சம் மேலே இழுத்து, தேய்ந்த பாகத்தைப் பின்னால் ஒளித்து, இன்னுமொரு வருஷம் ஓட்டினா. பிறகு லண்டனிலிருந்து மாமா நத்தார் வாழ்த்து மடலுக்குள் தட்டையாக மடித்து அனுப்பத் தொடங்கினார். அந்த மடலில் வந்த யேசுபாலனை நாங்கள் இரண்டாவதாகத்தான் பார்த்தோம்.

தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அம்மம்மா கொட்டாஞ்சேனைக் கதை சொல்லுவா. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அவ அப்போது கைக்குழந்தைக்காரி. வீடு சாந்த லூசியாப் பேராலயத்துக்குக் கிட்ட. பூசை கண்டு வந்து அடுப்பை மூட்டிய நேரம், காலை ஏழரை மணி இருக்கும், யப்பான்காரரின் விமானங்கள் துறைமுகத்துக்கு மேலே வந்துவிட்டன. யன்னல்கள் அதிர்ந்தன, பானை அடுப்பிலிருந்து ஆடி இறங்கியது. துறைமுகத்தில் ஹெக்டர் என்ற கப்பல் எரிந்து அமிழ்ந்தது. டெனிடோஸ் என்ற நாசகாரிக் கப்பலும் போயிற்று. "எங்கட பீரங்கி கடல்ல வாற கப்பலைச் சுட வைச்சது. மேல வந்ததை நாங்கள் அண்ணாந்து பார்த்தனாங்கள்" என்று அம்மப்பா இடையில் சொல்லுவார். அவர் பீரங்கியடியில் நின்றார். அவ குழந்தையையும் ஒரு தகரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு, ஊரே இடிபட்ட ரயிலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தா. அந்தக் காலைக்காக அவவுக்கு யாரும் ரிபன் கொடுக்கவில்லை. நான் அதைக் கேட்டபோது, "பேசாமல் நூலைக் கோர்" என்றா.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போவோம். அங்கேயுள்ள போர் நினைவுத்தூண் முதலில் காலிமுகத் திடலில் நின்றதாம்; எதிரிக்கு அது அடையாளமாகிவிடும் என்று சண்டைக் காலத்தில் இங்கே கொண்டுவந்தார்களாம். அம்மப்பா கறுப்புக் கோட்டில் பதக்கங்களும் பொப்பி மலருமாக நிமிர்ந்து நிற்பார். எல்லோரும் தலை குனிந்திருக்கையில் நான் கிழவர்களின் மார்புகளைத்தான் பார்ப்பேன்: எது புது ரிபன், எது வெளிறியது, எதற்குத் துரு ஏறியிருக்கிறது. ஒரு வருஷம் கடைசி வரிசையில் நின்றவரின் ரிபன் ஓரம் பிரிந்து தொங்கியது. எக்காளம் ஓய்ந்ததும் அம்மம்மா கைப்பையிலிருந்து ஊசி எடுத்து, "தம்பி, ஒருக்கால் நில்லுங்கோ" என்று எழுபது வயது மனிதரை நிறுத்தி, அவர் மார்பிலேயே நாலு தையல் போட்டுவிட்டா. அவர் அசையாமல் நின்ற நிலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பிரிகேடியருக்கு முன்னால்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

83 ஆடிக் கலவரத்தில் அந்த வீடும் அலுமாரியும் வெள்ளைச் சீருடையும் எரிந்தன. பதக்கங்கள் அம்மம்மாவின் கைப்பைக்குள், செபமாலையோடு கிடந்ததால் மிஞ்சின. இப்போது ரிபன் மாற்றுவது என் வேலை. கடல் இல்லாத ஊரில் துரு குறைவு, ஆனாலும் செம்மஞ்சள் வெளிறத்தான் செய்கிறது. அண்ணாவின் மகள் வந்து நூல் கோத்துத் தருகிறாள். இந்தப் பதக்கம் யாருடையது, எதற்குக் கொடுத்தது என்று கேட்கிறாள். நான் அவளுக்கு முதலில் சொல்வது கொட்டாஞ்சேனையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒருத்தியின் கதை. பீரங்கி அதற்குப் பிறகுதான் வரும்.