தண்ணி மாதிரி இருன்னா, சும்மா இருன்னு அர்த்தமா?

கலைப்பீடத்துக்கு வந்த பிறகுதான் எங்களில் பலருக்கு லாவோ ட்சு என்ற பெயரே தெரியும். அவர் பெயரில் வழங்கும் 'தாவோ தே ஜிங்' 81 சின்ன அத்தியாயங்கள் கொண்ட பழைய சீன நூல். அதன் முக்கியமான சொல் 'வூ வெய்'. நேரடியாகச் சொன்னா 'செய்யாமை'. இதை வச்சு இணையத்துல நிறைய அறிவுரை ஓடுது: எதிர்க்காதே, விட்டுடு, தண்ணி மாதிரி போயிடு.

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்கு இது சுருக்குன்னு குத்தியது. 'பொறுத்துப் போ' என்பதை லயத்துப் பிள்ளைகள் கேட்காத நாளே இல்லை. அதையே சீனாவிலிருந்தும் கேட்கணுமா?

நூலை வாசிச்சப்போ வேற விஷயம் தெரிஞ்சது. வூ வெய் என்பது கையைக் கட்டிக்கிட்டு இருப்பதல்ல. ஒரு பொருளோட போக்கை அறிஞ்சு, அதோட மல்லுக்கட்டாம வேலை செய்வது. அதே மரபில் வந்த சுவாங் ட்சு, மாடு அறுக்கும் ஒருவரைப் பற்றிக் கதை சொல்றார். எலும்பை வெட்டாம மூட்டு இடைவெளியில் கத்தியை விடுவதால, 19 வருஷமா அவர் கத்தி மழுங்கவே இல்லை. எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது கொழுந்து எடுக்கிற எங்க அம்மாமாரின் கைகள். கண் அடுத்த செடியில இருக்கும், வாய் கதைபேசும், விரல் மட்டும் ரெண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து ஒடிக்கும்.

தெமோதரையில் ரயில்பாதையும் அப்படித்தான். மலை இறங்குற வேகத்துக்கு ரயிலால இறங்க முடியாது. அதனால தண்டவாளம் மலையைச் சுற்றி வளைஞ்சு வந்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள்ள நுழையுது. 1924ல ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது இந்த வழியாத்தான்.

எங்க அன்றாடத்துலயும் இதுக்கு இடமிருக்கு. ஆறு பேர் இருக்கிற லயக்காம்பராவில் ராத்திரி டிவி சத்தத்தோட சண்டை போட்டுப் படிக்கிறதைவிட, விடியுமுன் எழும்பிப் படிக்கலாம். ஆனா அதோட நிறுத்திக்கிட்டா, காம்பரா ஏன் இவ்வளவு சின்னதுங்கிற கேள்வி காணாமப் போயிடும்.

இப்போ தண்ணிக்கு வருவோம். தண்ணி எல்லாருக்கும் நன்மை செய்யுது, பள்ளத்தைத் தேடிப் போகுது, மென்மையா இருந்தே கல்லைக் கரைக்குதுன்னு லாவோ ட்சு புகழ்றார். தோட்டத்துல கான் வெட்டுறவங்களுக்கு இது கவிதை இல்லை, வேலை. மலையில விழுற தண்ணியை நிறுத்த முடியாது, வழிதான் விட முடியும். வழி கிடைக்காத தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிஞ்சு லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானதுன்னு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் எச்சரிச்சிருந்தது. மலையோட இயல்பு முன்னாடியே தெரிஞ்சிருந்தது. ஆனா சொந்தமா ஒரு துண்டு நிலம் இல்லாதவங்ககிட்ட 'இயல்போட போ'ன்னா, எங்கே போவாங்க?

லாவோ ட்சு இதை மறக்கலை. ஜனங்க பட்டினி கிடப்பது மேல இருக்கிறவங்க வரியா அள்ளித் தின்பதாலன்னு 75ஆம் அத்தியாயத்துல சொல்றார். பசிச்சவனைப் பார்த்துப் பொறுத்துக்கோன்னு சொல்லாம, ஆள்றவனைப் பார்த்துக் கையை எடுன்னு சொல்றார்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு எங்க சனம் வருஷக்கணக்கா ரோட்டுல நின்னது. 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில வந்தது. அதுக்குள்ள விலைவாசி எங்கேயோ போயிடுச்சு. ஆனாலும் கேட்கிறதை யாரும் நிறுத்தலை. கல்லைக் கரைக்கிற தண்ணின்னா எங்களுக்கு அதுதான்.

இனி யாராவது எங்களைப் பார்த்துத் தண்ணி மாதிரி இருங்கன்னு சொன்னா, சரின்னு சொல்லுவோம். கூடவே, கான் எங்கே வெட்டியிருக்கீங்கன்னும் கேட்போம்.