நீலம் மிதக்கும் கல்லும் வானவில் காட்டும் கல்லும்

இலங்கையின் தென்கரையில், அம்பலாங்கொடையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது மீட்டியாகொடை. சந்திரகாந்தக் கல்லுக்குப் பேர்போன ஊர். தோட்டத்து நடுவே சதுரக் குழி, மேலே கூரை, ஓயாமல் தண்ணீர் இறைக்கும் பம்பு. சுவர் சரியாமலிருக்க மரச்சட்டம் அடித்து, இடுக்கெல்லாம் பச்சை இலைகளைத் திணித்திருக்கிறார்கள். கீழிருந்து கயிற்றில் ஏறி வருவது வெள்ளைக் களிமண். ஃபெல்ட்ஸ்பார் பாறை சிதைந்து உண்டான மண் அது. சிதையாமல் தப்பியதைத்தான் கூடையில் அலசி எடுக்கிறார்கள். இரத்தினபுரிக் கற்களைப் போல ஆற்றோடு உருண்டு வந்தவை அல்ல இவை, பிறந்த இடத்திலேயே கிடப்பவை.

அங்கிருந்து பேருவளை சீனன்கோட்டைக்குப் போனேன். மாணிக்க வியாபாரம் தமிழிலேயே நடக்கிற ஊர். பட்டை தீட்டும் நானா ஒருவர் இரண்டு கற்களை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது மீட்டியாகொடை. மத்தது வானவில் சந்திரகாந்தம்னு விக்கிறது. ரெண்டையும் ஆட்டிப் பாருங்க தம்பி."

முதல் கல்லில் நீலம் புகைபோல உள்ளே மிதந்தது, கல்லைச் சாய்த்தால் கூடவே நகர்ந்தது. இரண்டாவதில் நீலமும் மஞ்சளும் சட்டென்று பளிச்சிட்டு, கோணம் மாறியதும் அணைந்தன. உள்ளே கறுப்புப் புள்ளிகள் வேறு. அவை டூர்மலின்.

இரண்டாவது கல் உண்மையில் லாப்ரடோரைட். கனடாவின் லாப்ரடார் கரையில், நைன் அருகே 1770 வாக்கில் மொரேவிய மிஷனரிகள் கண்டெடுத்த கல்லின் வெளிறிய வகை. இரண்டும் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம்தான். சந்திரகாந்தத்தில் பொட்டாசியமும் சோடியமும், லாப்ரடோரைட்டில் சோடியமும் கால்சியமும். சூடான கனிமம் மெல்ல ஆறும்போது உள்ளே நுண்ணிய அடுக்குகளாகப் பிரிகிறது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நாம் காணும் நிறம். சூரியகாந்தக் கல்லும் இவர்களுக்குப் பங்காளியே. ஆனால் அதன் மினுமினுப்புக்குக் காரணம் உள்ளே சிக்கிய ஹெமடைட் அல்லது செம்புத் துகள்கள்.

நானாவின் வேலையில் பாதி, பார்ப்பதுதான். கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஒற்றைப் பல்பின் கீழ் திருப்பித் திருப்பி, நீலம் உச்சிக்கு வரும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கிறார். அடிப்பாகம் அந்த அடுக்குகளுக்கு இணையாக அமைய வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒளி ஓரத்துக்கு ஓடிவிடும். பிறகு அரக்கில் ஒட்டி, சக்கரத்தில் மெதுவாகக் கொடுக்கிறார். அழுத்தினால் போச்சு. ஏறத்தாழ செங்குத்தாகச் சந்திக்கும் இரு திசைகளில் பிளக்கும் சுபாவம் இந்தக் குடும்பம் முழுவதற்கும் உண்டு.

சோதனைக்கூடத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒளிவிலகல் எண் சந்திரகாந்தத்துக்கு 1.52, லாப்ரடோரைட்டுக்கு 1.56 அளவில் வரும். அழகில் லாப்ரடோரைட் ஒன்றும் குறைந்ததல்ல. எனக்கு அதன் பளிச்சிடல்தான் அதிகம் பிடித்தது. ஆனால் நல்ல நீலச் சந்திரகாந்தம் அரிது, விலையும் கூடுதல். வாங்கும்போது 'வானவில்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், கனிமத்தின் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.