ஆயா வீட்டு ரஸ்தாளி

கும்மிடிப்பூண்டியில் எங்க ஆயா வீட்டுக் கொல்லையில் நாலு ரஸ்தாளி வாழை இருந்துச்சு. எல்லாம் ஒரே தாய் மரத்தின் பக்கக்கன்றுகள். ஒரு வருஷம் அடி இலைகள் மஞ்சளாகி, தண்டோடு ஒட்டித் தொங்க ஆரம்பித்தன. வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடுகள். ஒன்றன்பின் ஒன்றாக நாலும் போச்சு. "கம்பெனிப் புகைதான்டா" என்றது ஆயா.

புகை இல்லைங்க. ஃபுசேரியம் என்ற மண் பூஞ்சை தரும் வாடல் நோய். நாலும் ஏன் செத்தது? ரஸ்தாளிக்கு விதை கிடையாது. கன்றிலிருந்து கன்று என்று எல்லாமே ஒரே டி.என்.ஏ. ஒன்றைக் கொல்வது எல்லாவற்றையும் கொல்லும். விதை இல்லாததால் ஒட்டுச்சேர்க்கை செய்து எதிர்ப்புச் சக்தி கொண்டுவருவதும் பெரும்பாடு.

இங்கேதான் ஜீனோம் வருகிறது. டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என நாலே எழுத்தில் எழுதின புத்தகம். அதை ஒரே மூச்சில் வாசிக்கும் மெஷின் கிடையாது. ஒரே பேப்பரின் பல பிரதிகளைக் கிழித்துப் போட்டு, துண்டுகளில் ஒரே மாதிரி வரும் வரிகளைப் பொருத்தி முழுப் பக்கத்தையும் சேர்ப்பது போலத்தான் வேலை நடக்கும். ரஸ்தாளியிலோ குரோமோசோம் மூன்று தொகுதி. கிட்டத்தட்ட ஒரே மாதிரி மூன்று பதிப்பைக் கலந்து கிழித்தால் என்ன ஆகும்?

அதனால் விஞ்ஞானிகள் மலேசியாவின் பஹாங் காட்டுவாழையிலிருந்து, இரண்டு தொகுதியும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும்படி உருவாக்கிய செடியை எடுத்தார்கள். 2012-ல் நேச்சர் இதழில் முடிவு வந்தது: 11 குரோமோசோம், சுமார் 52 கோடி எழுத்து, 36,000-க்கு மேல் ஜீன்கள். ரஸ்தாளியின் இன்னொரு மூதாதையான பல்பிசியானா வாழையின் ஜீனோம் 2019-ல் வந்தது.

புத்தகம் கையில் இருந்தால் நோய் போய்விடுமா? போகாது. எந்தப் பக்கத்தில் தேடலாம் என்று தெரியும், அவ்வளவுதான். பஹாங் செடியின் உறவான ஒரு காட்டுவாழையின் ஆர்.ஜி.ஏ.2 என்ற ஜீனை, ஆஸ்திரேலியாவில் கேவண்டிஷ் வாழைக்குள் வைத்தார்கள். வாடல் நோயின் டி.ஆர்.4 வகையை அது தாங்கியதாக 2017-ல் அறிவித்தார்கள். 2024-ல் அங்கே அனுமதியும் கிடைத்தது. ஆனால் அது கேவண்டிஷுக்கு, ரஸ்தாளிக்கு அல்ல.

அந்தப் பூஞ்சை மண்ணில் பல வருஷம் கிடக்கும் என்பதால் இப்போது அங்கே கொய்யா நிற்கிறது. இதையெல்லாம் சொன்னதும் ஆயா கேட்டது: "அதான் படிச்சுட்டாங்களே, அப்புறம் என்ன?"

"படிச்சுட்டாங்க ஆயா. இன்னும் முழுசா புரியல."

"உன்ன மாதிரின்னு சொல்லு!"