தேக்கடியில் ஒரு தெப்பப் பயணம்

தேக்கடி போனால் படகுச் சவாரியோடு திரும்பிவிடாதீர்கள். பெரியார் புலிகள் காப்பகத்தில் வனத்துறையின் மூங்கில் தெப்பப் பயணம் இருக்கிறது. காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்பலாம். பாதி நடை, பாதி துடுப்பு.

அட்டைக்கடிக்கு முழங்கால்வரை உறை மாட்டிவிடுகிறார்கள். அப்படியும் ஓர் அட்டை என் சட்டைக் காலர்வரை ஏறிவிட்டது! வழிகாட்டி அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. மரத்திலிருந்த நகக்கீறலைத் தடவிப் பார்த்து, “கரடி. பழசுதான், வாங்க” என்றார்.

1895இல் பொறியாளர் பென்னிகுக் கட்டி முடித்த அணையால் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன.

ஒருகாலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக மசாலாப் பட்டை உரித்தவர்களையே 1990களில் வனத்துறை காவலுக்கும் வழிகாட்டவும் சேர்த்துக்கொண்டது. மூலை முடுக்கெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பிடித்து உள்ளே போடுவதைவிட இது எவ்வளவோ மேல்!