கழுகுக்குப் பின்னால்

"உஷ்ணமான காற்று லேசானது, ஆகையால் மேலே எழும்புகிறது" என்று இருபது வருஷ காலமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். அது மெய்தான் என்று எனக்கே நம்பிக்கை உண்டானது சென்ற ஐப்பசியில்.

ஹிமாசலப் பிரதேசத்தில் பில்லிங் என்னும் மலைச் சரிவு ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாராகிளைடர் என்னும் துணிச் சிறகில் ஒரு மலைநாட்டு இளைஞர் சாரதியாக, நான் அவருக்கு முன்னால் வாரில் கட்டுண்டு தொங்கினேன். சற்று நேரத்துக்கெல்லாம் இறங்க ஆரம்பித்து விட்டோம். எஞ்சினோ கிடையாது. காட்டு மரங்கள் கீழேயிருந்து பெரிதாகிக்கொண்டே வந்தன. வீட்டில் மனைவியிடம் இந்தப் பிரயாணத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை என்பது அப்போது பார்த்தா நினைவுக்கு வரவேண்டும்!

சாரதி பின்னாலிருந்து கையை நீட்டினார். தூரத்தில் ஒரு பிணந்தின்னிக் கழுகு, சிறகை ஒரு தரங்கூட அடிக்காமல், வட்டமிட்டபடியே உயர்ந்துகொண்டிருந்தது. கூரைமேல் உட்கார்ந்தால் சாந்தி செய்கிறோமே, அதே பக்ஷிதான். வெயிலில் காய்ந்த பாறையிலிருந்து கிளம்பும் காற்று கண்ணுக்குத் தெரியாது, கழுகு தெரிந்தது. அதை நோக்கித் திரும்பினோம். திடீரென்று ஒரு குலுக்கல். கழுகு சுற்றிய பக்கமாகவே நாங்களும் சுற்றினோம். மரங்கள் சிறுத்தன. உயரமானியின் சத்தம் துரிதமாயிற்று.

கழுகு ஒரு தடவை தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. பிறகு எங்களை விட்டுவிட்டு மேலே போய்விட்டது.