எல்லாரும் ஸ்நூக்கர்தான்!

"என்னங்க, துண்டு எடுத்துக்கிட்டீங்களா?"

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "பூல் பார்லருக்குப் போயிட்டு வரேன்" என்று நான் முதன்முதலாகச் சொன்னபோது என் மனைவி கேட்ட கேள்வி இது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம்ம ஊரில் அந்த வார்த்தைக்கு நீச்சல் குளம் என்றுதான் அர்த்தம். ராத்திரி வீடு திரும்பினேன். தலை ஈரமாக இல்லை. ஆனால் விரலெல்லாம் நீலச் சாக்பீஸ் தூள்.

"குளத்துல தண்ணி இல்லையா, இல்ல ஸ்கூல் வாத்தியாரா சேர்ந்துட்டீங்களா?"

உட்கார வைத்து விளக்கினேன். கேரம் போர்டை ஒன்பதடி நீளத்துக்கு இழுத்துக்கொள். மேலே பச்சைத் துணி போர்த்து. ஸ்ட்ரைக்கருக்குப் பதில் ஒரு வெள்ளைப் பந்து, விரலுக்குப் பதில் ஒரு நீளக் குச்சி. 'எய்ட் பால்' ஆட்டத்தில் மொத்தம் பதினைந்து பந்துகள். ஏழு முழு வண்ணம், ஏழு பட்டை போட்டது, நடுவில் எட்டாம் நம்பர் கறுப்பு. உன் ஏழையும் குழிக்குள் தள்ளிவிட்டு, கடைசியில் கறுப்பைத் தள்ள வேண்டும். அவசரப்பட்டுக் கறுப்பை முதலிலேயே போட்டாயோ, அம்பேல்!

"இவ்வளவுதானா? அதுக்கு ஏன் திருடன் மாதிரி முழிக்கறீங்க?" என்றாள்.

முழிக்காமல் என்ன செய்வது? காலேஜ் நாளில் ஒரு மாடிப்படியிலிருந்து நான் இறங்கி வருவதை அப்பா பார்த்துவிட்டார். மேலே நாலு பில்லியர்ட்ஸ் மேஜை, கீழே ஒரு பெட்டிக்கடை. "குச்சியும் கையுமா நிக்கற இடத்துல உனக்கென்னடா வேலை?" என்று கேட்டவர், பிறகு ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. சினிமாவில் வில்லனின் ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள், அப்பாவின் கோபம் புரியும்.

இந்தக் கெட்ட பெயருக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'பூல் ரூம்' என்றால் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டுகிற இடம். எல்லாரும் கட்டிய பணம் மொத்தமாகச் சேர்ந்தால் அதற்கு அந்தப் பெயர். ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் நடுவில் பொழுது போக வேண்டுமே என்று பில்லியர்ட்ஸ் மேஜையைக் கொண்டுவந்து போட்டார்கள். சூதாடினது குதிரை மேல், பெயர் கெட்டது மேஜைக்கு!

இந்தக் களங்கத்தைத் துடைக்காமல் ஓய்வதில்லை என்று எங்கள் ஆபீஸில் நான் கிளம்பினேன். ரிக்ரியேஷன் கிளப்பில் அடியேன் ஜாயின்ட் செக்ரட்டரி. நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினேன். 'சனிக்கிழமை தோறும் எய்ட் பால் பயிற்சி. அனைவரும் வருக. டீ, சமோசா உண்டு.'

முதல் சனிக்கிழமை பதினாலு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் ஆறு பேர். மூன்றாவது வாரம் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொருத்தர் என்னிடம் கைமாற்று வாங்கியவர்.

ஏன் இப்படி ஆச்சு? அந்தப் பதில் ஊட்டி மலை ஏறின பிறகுதான் எனக்குக் கிடைத்தது.

அதற்கு முன்னால் முதல் சனிக்கிழமை நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டினவர், அதிர்ந்து பேச மாட்டார். அன்றைக்கு வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். குச்சியைக் கடப்பாரை மாதிரி பிடித்து ஓங்கி ஒரு இடி. வெள்ளைப் பந்து மேஜையைத் தாண்டிப் பறந்து, மூலையிலிருந்த தண்ணீர் கேன் மேல் 'டொம்' என்று விழுந்தது.

பார்லரே சிரித்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவன் நான். "அண்ணே, இது கிரிக்கெட் இல்ல. இங்க சிக்ஸர் கிடையாது!" என்று வேறு அடித்துவிட்டேன். அவரும் சிரித்தார். குச்சியை ஸ்டாண்டில் வைத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி" என்று கிளம்பினார். அப்புறம் வரவில்லை. அதை நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

இனி ஊட்டி.

"பதினோரு வருஷம் கழிச்சு ஊட்டியா? என்ன திடீர்னு?" என்று மனைவிக்கு ஒரே பூரிப்பு. காரணத்தைச் சொல்லாமல் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். காலையில் மேட்டுப்பாளையம், 7.10-க்கு மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் இன்ஜின் பெட்டிகளை இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். எங்கள் ஆட்டத்தில் குச்சியால் பந்தைத் தள்ளிக்கொண்டே போனால் ஃபவுல். இங்கே அதுதான் பயணமே!

ஹில்குரோவ் ஸ்டேஷனில் ஒரு குரங்கு எங்கள் பிஸ்கட் பாக்கெட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்த நேரம், அவள் மறுபடி கேட்டாள். உண்மையைச் சொன்னேன். ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு விதி எழுதின இடம் ஊட்டி. அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

குரங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். குன்னூர் வரைக்கும் பேசவில்லை.

46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடந்து, நடுப்பகலில் ஊட்டியில் இறங்கினோம். சூடாக டீ, மொறுமொறுவென்று வர்க்கி. அம்மணியின் கோபம் பாதி தணிந்தது. சாயங்காலம் நடந்தே போனோம். மேட்டில், மரங்களுக்கு நடுவே வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய கட்டடம். அதுதான் ஊட்டி கிளப். 1830-களில் கட்டப்பட்டது. மெம்பர்களும் அவர்களுடைய விருந்தாளிகளும்தான் உள்ளே போகலாம். இது தெரிந்துதான் போயிருந்தேன். ரோட்டில் நின்றபடியே, கோயில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கும்பிடு போட்டேன்.

"இதுக்கா ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல வந்தோம்?"

"கதையைக் கேளு. 1875-ல் ஜபல்பூர். வெளியே மழை, உள்ளே வெள்ளைக்கார ராணுவ அதிகாரிங்க. நெவில் சேம்பர்லின்னு ஒருத்தர், வயசு 19."

"ஹிட்லரோட கை குலுக்கின பிரதமரா?"

"அவர் வேற, இவர் வேற. அந்தக் காலத்துல பதினஞ்சு சிவப்புப் பந்தை வெச்சு ஒரு ஆட்டம் உண்டு. இவர் அதோட கலர் பந்துகளையும் சேர்த்து விளையாடிப் பார்த்தார். எங்க ஆட்டத்துக்கு அது பெரியப்பா முறை. பின்னால மதராஸ் ராணுவத் தளபதி ராபர்ட்ஸோட உதவி அதிகாரியா வந்தார். கோடை வந்தா மதராஸ் சர்க்காரே மூட்டை கட்டிக்கிட்டு இங்க வந்துடும். இவரும் வந்தார். 1882-ல் அந்த ஆட்டத்துக்கு விதிமுறை எழுதி இந்த கிளப் பில்லியர்ட்ஸ் ரூம்ல ஒட்டினார்."

"ரயில்லயா வந்தார்?"

"எங்கே? குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-ல். ஊட்டிக்கு 1908-ல். நோட்டீஸ் ஒட்டறதுக்கு மனுஷன் மலைப்பாதையில ஏறி வந்திருக்கார்."

"நீங்க லிஃப்ட்ல போய் ஒட்டினீங்க" என்றாள். அது சரி.

1885-ல் ஜான் ராபர்ட்ஸ் என்ற இங்கிலாந்து பில்லியர்ட்ஸ் சாம்பியன் இந்தியா வந்தார். சேம்பர்லினைக் கல்கத்தாவில் சந்தித்து, விதிகளைக் கேட்டுக்கொண்டு, ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1927-ல் உலகப் போட்டியே தொடங்கிவிட்டது. நாமும் சும்மா இல்லை. 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஆனார். கபில்தேவ் கப்பைத் தூக்கியது 1983-ல்தான். அதற்கு இருபத்தைந்து வருஷம் முந்தியே இந்தியாவுக்கு உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தது இந்தக் குச்சி! 1984-ல் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டம் ஜெயித்தார். 2025 நவம்பரில் தோஹாவில் உலக ஸ்நூக்கர் பட்டம் வென்று வந்தவர் அனுபமா ராமச்சந்திரன், நம்ம சென்னைப் பெண். கிளப் சுவருக்குள் ஒட்டிய காகிதம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள்!

ராத்திரி லாட்ஜுக்குத் திரும்பினோம். ரிசப்ஷனுக்குப் பின்னால், தூசி படிந்த ஒரு பூல் டேபிள். விடுவேனா? அறைக்கு வெந்நீர் கொண்டுவருகிற பையன்தான் எதிர் ஆட்டக்காரன். வயசு இருபது இருக்கும். வேடிக்கை பார்க்க மதுரைப் பக்கத்துக் காலேஜ் பசங்க நாலு பேர்.

குனிந்தேன். குறி பார்த்தேன். மூக்குக்கு நேரே இருந்த பந்தை, மூலைக் குழிக்கு ஒரு ஜான் தூரத்தில் தவறவிட்டேன். அடுத்த முறை வெள்ளைப் பந்தே குழிக்குள் போயிற்று. மூன்றாவது முறை குச்சி நழுவி 'கிறீச்' என்று ஒரு சத்தம்.

"அங்கிள், துணி கிழிஞ்சா காசு கேப்பாங்க!" என்றான் ஒரு காலேஜ் பையன். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காது சுட்டது ஸார். ஊட்டிக் குளிரில் வியர்த்தது. ஏழு வருஷமாக ஆடுகிறேன், ஜாயின்ட் செக்ரட்டரி, நோட்டீஸ் ஒட்டினவன் என்றெல்லாம் கத்த வேண்டும் போல் இருந்தது. குச்சியை வைத்துவிட்டு, 'தூக்கம் வருது' என்று நழுவிவிடலாமா என்றும் தோன்றியது.

வெந்நீர்ப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "டேபிள் லேசா அந்தப் பக்கம் சரியும் ஸார். ஊட்டில எல்லாமே சரிவுதானே? மொத மொத நான் ஆடறப்ப ஒரு மாசம் ஒண்ணுகூட விழல. கொஞ்சம் மெதுவா, இந்த ஓரமா விட்டுப் பாருங்க" என்றான். விட்டேன். விழுந்தது. கடைசியில் அவன்தான் ஜெயித்தான். ஆனால் நான் நழுவவில்லை, இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினேன்.

அறைக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "ஆமா, ஸ்நூக்கர்னா என்னங்க அர்த்தம்?"

"அது ஒரு கிண்டல் வார்த்தை. இங்கிலாந்துல ஊல்விச்னு ஒரு ராணுவப் பள்ளிக்கூடம். அங்க புதுசா சேர்ந்த கத்துக்குட்டிப் பசங்களுக்கு அந்தப் பேர். ஜபல்பூர்ல ஒருத்தர் குழி பக்கத்துல இருந்த சுலபமான பந்தைக் கோட்டை விட்டார். உடனே சேம்பர்லின், 'நீ சரியான ஸ்நூக்கர்!'னு கிண்டல் பண்ணிட்டார்."

"பாவம். அப்புறம்?"

"அவர் முகம் வாடினதைப் பார்த்துட்டு, 'இந்த ஆட்டத்துல நாம எல்லாருமே ஸ்நூக்கர்தான்'னு சமாதானம் சொன்னாராம். அதுவே ஆட்டத்துக்குப் பேரா நின்னுடுச்சு. இதை அவரே 1938-ல் 'தி ஃபீல்டு' பத்திரிகைக்கு எழுதியிருக்கார்."

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "உங்க டெஸ்பாட்ச் அண்ணன்கிட்ட கதையோட மொதப் பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கிண்டல் பண்ண எல்லாருக்கும் தெரியும். கிண்டல் பண்ணின வாயாலேயே 'நானும் அப்படித்தான்' என்று சொன்னதால், அந்த ஜபல்பூர் மனிதர் மறுபடி குச்சியை எடுத்திருப்பார். நான் அதைச் சொல்லவில்லை. பதினாலு பேர் ஏன் இரண்டு பேர் ஆனார்கள் என்று இப்போது புரிந்தது. அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு யார் வருவார்கள்?

திங்கட்கிழமை வர்க்கிப் பொட்டலத்தோடு டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்குப் போனேன். "அண்ணே, அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு" என்றேன்.

"அட, அதை இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கீங்க!" என்று சிரித்தார். ஒரு கவருக்குக் கோந்து தடவி ஒட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "அன்னிக்கு வீட்ல பையன்கிட்ட சொல்லிட்டு வந்தேன் தம்பி, அப்பா புதுசா ஒரு வெளையாட்டு கத்துக்கப் போறேன்னு. ராத்திரி 'எப்படிப்பா இருந்துச்சு?'னு கேட்டான். என்ன சொல்றதுன்னே தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

நோட்டீஸ் போர்டில் புது அறிவிப்பு ஒட்டினேன். டீ, சமோசாவோடு ஒரு விதியும் சேர்ந்தது. 'புதிதாக வருபவரோடு ஆடும் பழைய ஆட்டக்காரர்கள், முதல் ஆட்டத்தை இடது கையால் மட்டுமே ஆட வேண்டும்.' பாதிப் பேர் இந்த வேடிக்கையைப் பார்க்கவே வந்தார்கள். ஜாயின்ட் செக்ரட்டரி இடது கையால் அடித்த பந்து எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். தண்ணீர் கேன் இப்போது வாசலுக்குப் போய்விட்டது.

மூன்றாவது வாரம் அண்ணன் வந்தார், அதே இஸ்திரி போட்ட சட்டையில். இந்த முறை மெதுவாக, பார்த்துப் பார்த்து ஒரு தட்டு. பட்டைப் பந்து நேராக உருண்டு நடுக் குழிக்குள் விழுந்தது. பின்னாலேயே வெள்ளைப் பந்தும் சமர்த்தாக உள்ளே போயிற்று. ஃபவுல்தான். ஆனால் எல்லாரும் கை தட்டினோம், யாரும் வாயைத் திறக்கவில்லை.

கைதட்டல் அடங்கியதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வெள்ளை உள்ள போனா ஃபவுல் இல்ல? புஸ்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு? பையன் வாங்கிக் குடுத்தான்."